அமெரிக்கக் கல்லூரி ஃபிரட்டர்னிட்டி: கொடுக்கிற பணத்துக்கும் நேரத்துக்கும் தகுமா?

ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் புல்வெளி ஓரமாக மேசைகள் முளைக்கும். 'ஃபிரட்டர்னிட்டி' எனும் மாணவர் சங்கத்தின் மூன்று கிரேக்க எழுத்து அச்சிட்ட பனியன் போட்ட பையன்கள் கை குலுக்கி, பேர் கேட்டு, ஒரு பர்கரை நீட்டுவார்கள். அந்த பர்கர் ஒன்றுக்குத்தான் காசு கிடையாது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் சந்தா, ஒப்பந்தம், காப்பீடு, அபராதம் என்று ஓடுகிற ஒரு கட்டணச் சேவை. 'சகோதரத்துவம்' என்ற சொல் நடுவில் வந்து நிற்பதால் யாரும் அதைக் கட்டணச் சேவையாகப் பார்ப்பதில்லை. இங்கே அப்படித்தான் பார்க்கப்போகிறோம்.

முதலில் யாருக்கு என்று சொல்லிவிடலாம். விருந்து, வீடு, சடங்கு என்று படங்களில் காட்டப்படும் வகைக்கு 'சோஷியல் ஃபிரட்டர்னிட்டி' என்று பேர். இளநிலை மாணவர்களில் ஆண்களுக்கானது. எம்.எஸ். படிக்கப் போகிறவர்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. அவர்கள் ஒரே துறை படிப்பவர்களுக்கான தொழில்முறை ஃபிரட்டர்னிட்டி, மதிப்பெண்ணைப் பார்த்து அழைக்கும் கௌரவச் சங்கம் இரண்டையும் பார்க்கலாம். பெண்களுக்கான சொராரிட்டிகளின் சேர்க்கை முறை வேறு. அங்கே இரு தரப்பும் தரும் விருப்பப் பட்டியலைக் கணினி பொருத்துகிறது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

எல்லாவற்றுக்கும் மூத்தது ஃபை பீட்டா கப்பா. 1776 டிசம்பர் 5 அன்று வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கியது. கிரேக்க எழுத்துகள் எதற்கு என்ற கேள்விக்கு அதன் பெயரிலேயே விடை இருக்கிறது. 'தத்துவமே வாழ்வின் வழிகாட்டி' என்ற கிரேக்க வாசகத்தின் முதலெழுத்துகள் அவை. இன்று அது படிப்பில் சிறந்தவர்களை அழைக்கும் கௌரவச் சங்கம் மட்டுமே. இப்போது நாம் காணும் சோஷியல் வகையின் வேர், நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் 1825இல் தொடங்கிய கப்பா ஆல்ஃபா சொசைட்டி. கறுப்பின மாணவர்களைப் பெரும்பாலான சங்கங்கள் ஒதுக்கியிருந்த காலத்தில், 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா பிறந்தது. மார்ட்டின் லூதர் கிங் ஜூனியர் அதன் உறுப்பினர். தெற்காசிய மாணவர்களுக்கான சங்கங்கள் 1990களில் வந்தவை. டெல்டா எப்சிலான் சை 1998இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்திலும், பீட்டா கை தீட்டா 1999இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலும் தொடங்கின.

இந்த வரலாற்றிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். தேசிய அமைப்பு வேறு, வளாகத்தில் உள்ள கிளை வேறு. கிளைக்குச் 'சாப்டர்' என்று பேர். நூற்றுக்கும் மேல் கிளைகள் உள்ள ஒரு தேசிய அமைப்பில், ஒரு சாப்டர் நூலகத்தில் கிடக்கும், இன்னொன்று நீதிமன்றப் படியில் நிற்கும். 'அந்த ஃபிரட்டர்னிட்டி எப்படி?' என்று கேட்பதே தவறான கேள்வி. 'அந்த வளாகத்தில் அந்தச் சாப்டர், இந்த மூன்று வருடமாக எப்படி?' என்றுதான் கேட்க வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆட்களே மாறிவிடுவதால், பத்து வருடத்துக்கு முந்தைய நல்ல பேரும் கெட்ட பேரும் அவ்வளவாக உதவாது.

விழுமியங்கள்: பலகையில் எல்லாம் ஒன்றுதான்

ஒவ்வொரு சங்கத்துக்கும் மூன்று நான்கு கொள்கைச் சொற்கள் இருக்கும். ஃபை டெல்டா தீட்டாவுக்கு நட்பு, நல்ல கல்வி, ஒழுக்க நேர்மை. சிக்மா கைக்கு நட்பு, நீதி, கல்வி. சிக்மா ஃபை எப்சிலானுக்கு நற்பண்பு, ஊக்கம், சகோதர அன்பு. ஒமேகா சை ஃபைக்கு ஆண்மை, புலமை, விடாமுயற்சி, சமூக மேம்பாடு. பட்டியலை மாற்றி ஒட்டினாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இந்தச் சொற்களின் முழு விளக்கம் ரகசியச் சடங்கில்தான் சொல்லப்படும். பொருளின் கையேட்டைப் பணம் கட்டி முடித்த பிறகு தருகிற சேவை உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் சொல் எங்கே செயலாகிறது என்று பார்க்க வழி இருக்கிறது. ஃபை டெல்டா தீட்டா 2000ஆம் ஆண்டிலிருந்து தன் வீடுகளில் மதுவே கூடாது என்று விதித்தது. ஒழுக்க நேர்மை என்ற சொல்லுக்கு அது கொடுத்த விலை அது. சிக்மா ஃபை எப்சிலான் 1991இல் 'பிளெட்ஜ்' என்ற தகுதிகாண் காலத்தையே எடுத்துவிட்டு, சேர்ந்த நாள் முதல் எல்லாருக்கும் சம உரிமை தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. சிக்மா ஆல்ஃபா எப்சிலான் 2014இல் தகுதிகாண் காலத்தை ஒழித்தது. தேசிய அளவில் இப்படி விதி மாறினாலும், வளாகச் சாப்டர் அதைக் கடைப்பிடிக்கிறதா என்பது வேறு கேள்வி. விதியாவது இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

சாப்டரை எடைபோட மூன்று இடம் போதும்: பட்ஜெட், நாட்காட்டி, ஒழுங்கு மன்றம். பொருளாளரிடம் கடந்த பருவத்தின் பட்ஜெட்டைக் காட்டச் சொல்லுங்கள். விருந்துக்கு எவ்வளவு, படிப்புக்கு எவ்வளவு, தொண்டுக்கு எவ்வளவு என்று வரி வரியாக இருக்கும். 'கல்வி' என்று சின்னத்தில் பொறித்துவிட்டு, படிப்புக்கான வரியில் பீட்சா வாங்கும் காசு மட்டும் இருந்தால் விஷயம் முடிந்தது. காட்ட மறுத்தாலும் அப்படியே. தொண்டைப் பார்க்கும்போது பணம் திரட்டுவதையும் நேரில் உழைப்பதையும் பிரித்துப் பாருங்கள். ஒரு வாரம் பனியன் விற்றுக் காசோலை அனுப்புவது ஒன்று, மாதாமாதம் ஓர் இடத்துக்குப் போய் வேலை செய்வது இன்னொன்று. இரண்டாவதைச் செய்யும் சாப்டரில் பொதுவாகப் பேச்சும் வேறு மாதிரி இருக்கும்.

ஒழுங்கு மன்றத்தை 'ஸ்டாண்டர்ட்ஸ் போர்டு' என்பார்கள். உறுப்பினர் தவறு செய்தால் விசாரிக்கும் சிறு குழு. பதவி எதுவும் இல்லாத ஓர் இரண்டாம் ஆண்டு மாணவரைத் தனியாகப் பிடித்து, 'கடைசியாக யாரை, எதற்காக இங்கிருந்து நீக்கினீர்கள்?' என்று கேளுங்கள். பேர் தேவையில்லை, காரணம் போதும். ஒரு பெண்ணிடம் தவறாக நடந்ததற்காக, காப்பியடித்ததற்காக என்று பதில் வந்தால் அங்கே விழுமியம் வேலை செய்கிறது. சந்தா கட்டாததற்காக மட்டும் நீக்கியிருக்கிறார்கள் என்றால், அங்கே உயிரோடு இருக்கும் ஒரே விழுமியம் சந்தா.

பல வீடுகளில் பழைய தேர்வுத்தாள்கள் கோப்புக் கோப்பாக இருக்கும். அதைப் பெரிய சலுகையாகச் சொல்லி ஆள் சேர்ப்பார்கள். பேராசிரியர் தானே வெளியிட்ட தாள் என்றால் பிரச்சினை இல்லை. திருப்பிக் கொடுக்காமல் எடுத்து வந்த தாள் என்றால், அதைப் பயன்படுத்துவது கல்வி நேர்மை விதியை மீறுவது. மாட்டினால் பொறுப்பு உங்கள் தலையில்தான்.

சேர்க்கை எப்படி நடக்கிறது

முதல் கட்டம் 'ரஷ்'. இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். முதல் சில நாள் எல்லாருக்கும் திறந்த வீடு, கூடைப்பந்து, சாப்பாடு. பிறகு அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் இரவு விருந்து. அதற்குள் உங்களைப் பற்றி உறுப்பினர்கள் கூடிப் பேசி வாக்குப் போட்டிருப்பார்கள். தேர்ந்தால் 'பிட்' எனப்படும் அழைப்பு வரும். பல வளாகங்களில் அழைப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தப் பருவத்தில் வேறு சாப்டருக்கு மாற முடியாது. வாய்மொழி அழைப்புக்கு மதிப்பில்லை, எழுத்தில் வந்தால்தான் கணக்கு. 'இப்போதே சொல், இல்லாவிட்டால் இடம் போய்விடும்' என்று இரவு 11 மணிக்கு நெருக்கினால், ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். நல்ல சாப்டர் கொடுக்கும்.

அழைப்பு வந்ததிலிருந்து சடங்கு நடக்கும் வரை புது உறுப்பினர் காலம். சாப்டரைப் பொறுத்துச் சில நாளிலிருந்து 10 வாரம் வரை போகும். வரலாறு, கிரேக்க எழுத்து வரிசை, நிறுவனர்களின் பேர், கொள்கை வாசகம் ஆகியவற்றைப் படித்துத் தேர்வு எழுத வேண்டும். மூத்த உறுப்பினர் ஒருவரை 'பிக் பிரதர்' என்று உங்களுக்கு ஒதுக்குவார்கள். கடைசியில் சடங்கு, சின்னம், உறுப்பினர் பதிவு.

கறுப்பின, தெற்காசிய, பன்முகக் கலாசாரச் சங்கங்களில் வழி வேறு. புல்வெளி மேசை குறைவு. தகவல் கூட்டத்துக்குப் போய், விண்ணப்பம், மதிப்பெண் பட்டியல், சிபாரிசுக் கடிதம், தொண்டு நேரச் சான்று கொடுத்து, நேர்காணலில் உட்கார வேண்டும். ஒரு தடவைக்குச் சிலரே எடுக்கப்படுவார்கள். அந்தக் குழுவுக்கு 'லைன்' என்று பேர். முடிந்ததும் வளாகத்தின் நடுவில் முழக்கமும் ஆட்டமுமாகப் புது உறுப்பினர்களை அறிமுகப்படுத்துவார்கள். பார்க்க அருமையாக இருக்கும். பழைய தகுதிகாண் முறையைக் கறுப்பின சங்கங்களின் கூட்டமைப்பு 1990இலேயே அதிகாரபூர்வமாக நிறுத்திவிட்டது. ஆனாலும் சில இடங்களில் மறைவாக அது தொடர்கிறது. விண்ணப்பத்துக்கு முன்பே 'ராத்திரி வந்து பார்' என்று கூப்பிட்டால் அந்த மறைவு வேலைதான் அது. சின்னச் சாப்டர்களில் இன்னொரு சுமையும் உண்டு. பன்னிரண்டு பேர் இருக்கும் இடத்தில் தலைவர், பொருளாளர், தொண்டுப் பொறுப்பாளர் என்று பதவிகள் குறையாது. சேர்ந்த ஆறே மாதத்தில் இரண்டு பதவி உங்கள் தோளில் இருக்கும். அனுபவம் என்று பார்த்தால் லாபம், தேர்வு வாரத்தில் பார்த்தால் தலைவலி.

பணம், நேரம்

விளம்பரத்தில் சொல்லும் தொகை பருவச் சந்தா மட்டும்தான். வளாகத்தைப் பொறுத்து அது சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்துக்கு மேல் போகும். அதற்கு வெளியே ஒருமுறை கட்டும் புது உறுப்பினர் கட்டணம், சடங்குக் கட்டணம், காப்பீட்டுப் பங்கு, சின்னம், ஆடை, விழாப் பயணம் எல்லாம் தனி. வீட்டில் தங்காதவர்களிடமும் கூடத்தைப் பயன்படுத்துவதற்கென்று ஒரு தொகை வாங்கும் இடங்கள் உண்டு. கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம். ஆகவே 'முதல் வருடம் முழுவதும், அபராதம் தவிர்த்து, மொத்தம் எவ்வளவு?' என்று ஒரே கேள்வியாகக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். தவணை உண்டா, உதவித்தொகை உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் தங்கும் விதிதான் பெரிய பொறி. இரண்டாம் ஆண்டில் கட்டாயம் வீட்டில் தங்க வேண்டும் என்று பல சாப்டர்களில் உண்டு. அந்த ஒப்பந்தம் சாப்டரோடு செய்வதல்ல, வீட்டைச் சொந்தமாக வைத்திருக்கும் முன்னாள் மாணவர் கழகத்தோடு செய்வது. நீங்கள் உறுப்பினர் பதவியை விட்டாலும் வாடகைப் பொறுப்பு விடாது. பெற்றோரிடம் உத்தரவாதக் கையெழுத்தும் கேட்கலாம். ஒழுங்கு நடவடிக்கையில் தேசிய அமைப்பு சாப்டரை மூடினால், நடுப் பருவத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். அந்த நிலையில் கட்டிய வாடகை திரும்புமா என்று ஒப்பந்தத்தில் எந்த வரி சொல்கிறது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே தேடுங்கள். சாப்பாட்டுத் திட்டத்தையும் பாருங்கள். பல வீடுகளில் சமையற்காரர் திங்கள் முதல் வெள்ளி வரைதான் வருவார். வார இறுதியில் உங்கள் பாடு.

தானியங்கித் தீயணைப்புத் தெளிப்பான் இருக்கிறதா என்று மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு வாருங்கள். 1996 மே மாதம் வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் ஒரு ஃபிரட்டர்னிட்டி வீட்டில் தீப்பிடித்து 5 மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் அந்த ஊரில் இந்த வீடுகளுக்குத் தெளிப்பான் கட்டாயமானது.

நேரக் கணக்கு எளிது. பாடத்தின் எடையைச் சொல்லும் அலகு 'கிரெடிட்'. ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி வகுப்பு, இரண்டு மணி வெளிப்படிப்பு என்பது அமெரிக்கக் கல்விமுறையின் அடிப்படைக் கணக்கு. 15 கிரெடிட் எடுத்தால் வாரம் 45 மணி நேரம். புது உறுப்பினர் காலத்தில் வாராந்தரக் கூட்டம், சங்கத்தின் பாட வகுப்பு, தொண்டு, விருந்து, வேலைகள் சேர்த்து 10 முதல் 15 மணி நேரம் கூடும். மொத்தம் 60 மணியைத் தொடும். பொறியியல் ஆய்வகம் உள்ள பருவத்தில் இதைச் சேர்த்துப் போட்டால் எது உடையும் என்று சொல்லத் தேவையில்லை.

எவ்வளவு உடையும் என்பதைப் பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. பல வளாகங்களில் ஒவ்வொரு பருவமும் 'கிரேடு ரிப்போர்ட்' வரும். ஒவ்வொரு சாப்டரின் ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி), வளாகத்து ஆண்களின் மொத்தச் சராசரி, புது உறுப்பினர்களின் சராசரி எல்லாம் அதில் இருக்கும். சாப்டர் சராசரியை விட்டுவிட்டுப் புது உறுப்பினர் வரியை மட்டும் பாருங்கள். பழைய உறுப்பினர்களைவிட அது மிகக் கீழே இருந்து, அடுத்தடுத்த பருவங்களிலும் அப்படியே இருந்தால், அந்தச் சாப்டர் புதியவர்களின் நேரத்தைத் தின்கிறது என்று பொருள். நூலகத்தில் கட்டாயப் படிப்பு நேரம் உண்டு என்று அவர்கள் எவ்வளவு சொன்னாலும் இந்த எண் பொய் சொல்லாது.

இதற்கெல்லாம் பலன் உண்டா? உண்டு. வடகிழக்கு அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் முன்னாள் மாணவர்களை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் செய்து 2018இல் வெளியான ஆய்வு, ஃபிரட்டர்னிட்டி உறுப்பினரின் ஜி.பி.ஏ. சுமார் 0.25 குறைகிறது, பிற்கால வருமானம் சுமார் 36 சதவீதம் கூடுகிறது என்று கணித்தது. ஒரே கல்லூரி, அதுவும் வசதியான தனியார் கல்லூரி என்பதை மறக்க வேண்டாம். அந்த வருமானம் வருவது பழைய உறுப்பினர்களின் தொடர்பு வழியாக. உங்கள் துறையில், நீங்கள் வேலை தேடும் ஊரில், அந்தச் சாப்டரின் பழைய ஆட்கள் இருக்கிறார்களா? லிங்க்ட்இன்னில் சாப்டர் பேரையும் கல்லூரிப் பேரையும் போட்டுப் பத்து நிமிடம் தேடினால் தெரிந்துவிடும். எல்லாரும் ஒரே மாநிலத்தில் ரியல் எஸ்டேட்டில் இருந்தால், கணினி அறிவியல் மாணவருக்கு அந்த 36 சதவீதம் எங்கிருந்து வரும்?

நடுவில் உள்ள அந்த வாரங்கள்

இந்தச் சேவையின் உண்மையான தரம் தெரிவது அழைப்புக்கும் சடங்குக்கும் இடையில்தான். நம் ஊரில் ராகிங் என்பதை அங்கே 'ஹேஸிங்' என்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ராகிங்கில் சிக்குகிறவன் தப்பிக்கப் பார்ப்பான். ஹேஸிங்கில் சிக்குகிறவன் உள்ளே போக ஆசைப்பட்டுத் தானே வரிசையில் நிற்கிறான். அதனால்தான் அதை அடையாளம் காண்பது கடினம். பல மாநிலச் சட்டங்களில் 'அவனே சம்மதித்தான்' என்பது தப்பிக்கும் வாதமாக ஏற்கப்படுவதில்லை.

அடிதடியில் அது தொடங்காது. புதியவர்கள் மட்டும் விருந்துக்குப் பிறகு வீட்டைக் கூட்டுவது, இரவு 2 மணிக்கு மூத்தவர்களைக் காரில் கொண்டுவிடுவது, சிகரெட், சூயிங்கம், தீப்பெட்டி உள்ள பையை எந்நேரமும் சுமப்பது என்று சின்னதாகத் தொடங்கும். மறைந்துபோகும் செய்திச் செயலியில் குழு அமைப்பார்கள். கைபேசியை வாங்கி வைப்பார்கள். 'வீட்டில் சொல்லாதே' என்பார்கள். வேலை எல்லாருக்கும் பொதுவாகச் சுழல்கிறதா, புதியவர்களுக்கு மட்டுமா என்பதே பிரிக்கும் கோடு. மூத்தவர்கள் தாங்களும் கூடச் செய்யாத எதையும் புதியவர்களிடம் கேட்டால், அது மரபல்ல.

விழுமியத்தின் பேரிலேயே கொடுமை நடக்கும் என்பதற்கு 2013 டிசம்பரில் பென்சில்வேனியாவின் போக்கனோ மலைப்பகுதியில் நடந்தது சாட்சி. நியூயார்க் கல்லூரி ஒன்றின் ஆசிய-அமெரிக்கச் சாப்டர், புதியவர்களின் கண்ணைக் கட்டி, மணல் நிரப்பிய கனமான பையை முதுகில் மாட்டி, இருட்டில் நடக்கவிட்டு, மோதித் தள்ளியது. அதற்கு அவர்கள் வைத்த பேர் 'கண்ணாடிக் கூரை'. ஆசிய வம்சாவளியினர் அமெரிக்காவில் படும் பாட்டை உணர்த்தும் பாடமாம். 19 வயது மாணவர் ஒருவர் இறந்தார், மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும் தாமதித்தார்கள். அந்த அமைப்பை நீதிமன்றம் 2018இல் 10 ஆண்டுக்கு அந்த மாநிலத்திலிருந்தே தடை செய்தது. ஒரு செயலுக்குப் பின்னால் உயர்ந்த பொருள் இருப்பதாக விளக்கம் வந்தால், விளக்கத்தைக் கழித்துவிட்டுச் செயலை மட்டும் பாருங்கள்.

மிக ஆபத்தான நாள் 'பிக் பிரதர்' யார் என்று அறிவிக்கும் இரவு. ஃபுளோரிடா ஸ்டேட்டில் 2017இலும், பௌலிங் கிரீன் ஸ்டேட், வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகங்களில் 2021இலும் மாணவர்கள் இறந்தது அப்படிப்பட்ட இரவுகளில்தான். 'குடும்ப பாட்டில்' என்று ஒரு முழு பாட்டில் விஸ்கியைக் கையில் கொடுத்து, இரவுக்குள் முடிக்கச் சொல்வார்கள். 750 மில்லி பாட்டிலில் 40 சதவீத மது என்றால், அமெரிக்காவின் 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' (ஒரு பானத்துக்கான நிலையான அளவு) கணக்கில் அது 17 பானம். குடிப்பதை நிறுத்திய பிறகும் ரத்தத்தில் மதுவின் அளவு கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டே போகும். 'தூங்கினால் சரியாகிவிடும்' என்று விட்ட நேரத்தில்தான் மூச்சு நிற்கிறது. முதுகில் பையை மாட்டிப் படுக்கவைத்தால் புரளமாட்டான் என்று ஒரு கைவைத்தியம் இந்த வீடுகளில் உலவுகிறது. அது யாரையும் காப்பாற்றாது. எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாக அல்லது விட்டு விட்டு வருகிறது, தோல் நீலம் பாய்கிறது என்றால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து அவசர உதவி எண்ணான 911ஐ அழைக்க வேண்டும். பக்கத்தை விட்டு நகரவும் கூடாது. உதவிக்கு அழைத்தவரைக் குடித்த குற்றத்திலிருந்து காக்கும் சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது. பயந்து தாமதிப்பதற்குக் காரணமே இல்லை.

இதற்கெல்லாம் விதி இல்லாமலில்லை. வட அமெரிக்க ஃபிரட்டர்னிட்டி கூட்டமைப்பு, 15 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள மதுவைச் சாப்டர் வீடுகளிலும் நிகழ்ச்சிகளிலும் 2019 செப்டம்பர் முதல் தடைசெய்தது. உரிமம் பெற்ற வெளியாள் விற்றால் மட்டும் விலக்கு. காப்பீட்டு விதியில்தான் கொக்கி இருக்கிறது. சந்தாவில் காப்பீட்டுக்கும் பணம் வாங்குகிறார்கள். ஆனால் விதியை மீறிய நிகழ்ச்சியில் விபத்து நடந்தால், மீறியவருக்கு அந்தக் காப்பீடு கைவிரிக்கலாம். அமெரிக்க மாணவருக்காவது பெற்றோரின் வீட்டுக் காப்பீடு என்று ஒரு கடைசித் துரும்பு உண்டு. கடல் தாண்டி வந்தவருக்கு அதுவும் கிடையாது.

சேருவதற்கு முன் சாப்டரின் பழைய கணக்கைப் பார்க்க இப்போது எளிய வழி உண்டு. 2024 டிசம்பரில் கையெழுத்தான ஹேஸிங் தடுப்புச் சட்டப்படி, கல்லூரிகள் தங்கள் மாணவர் அமைப்புகளின் ஹேஸிங் விதிமீறல்களை, அமைப்பின் பேர், நடந்தது என்ன, தண்டனை என்ன என்ற விவரங்களோடு இணையத்தில் வெளியிட வேண்டும். கல்லூரிப் பேரோடு 'ஹேஸிங் வெளிப்படைத்தன்மை அறிக்கை' (Hazing Transparency Report) என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். பட்டியலில் பேர் இல்லை என்றால் சாப்டர் சுத்தம் என்று பொருளல்ல, இதுவரை மாட்டவில்லை என்று மட்டுமே பொருள். பேர் இருந்தால், எப்போது என்று பாருங்கள். போன வருடம் என்றால் அன்று செய்தவர்கள்தான் இன்று உங்களுக்குப் பர்கர் கொடுப்பவர்கள்.

விசாவில் வந்தவர்களுக்கு

எஃப்-1 எனும் மாணவர் விசாவில் வந்தவர்கள் ஃபிரட்டர்னிட்டியில் சேரத் தடையில்லை. ஆனால் அதே தவறுக்கு அமெரிக்க மாணவர் கட்டும் விலை வேறு, நீங்கள் கட்டும் விலை வேறு. மது அருந்தும் வயது 21. போலி அடையாள அட்டை, வயது குறைந்தவருக்கு மது ஊற்றியது, குடித்து வண்டி ஓட்டியது என்று கைதானால் தீர்ப்பு வருவதற்கு முன்பே விசா ரத்தாகலாம். குடித்து வண்டி ஓட்டிய வழக்கில் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. விருந்து நடத்தும் பொறுப்பாளர் பதவி, மதுக் கடையில் கையெழுத்துப் போடும் பதவி, சாப்டர் வங்கிக் கணக்கிலிருந்து மது வாங்கும் வேலை ஆகிய மூன்றையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பாடங்களை விட்டு 12 கிரெடிட்டுக்குக் கீழே போகக் கூடாது. புது உறுப்பினர் பருவத்தில் ஒரு பாடம் கைவிட்டுப்போனால் மதிப்பெண்ணோடு விசா நிலையும் ஆடும். சாப்டர் வீட்டுக்குக் குடிபோனால் 10 நாளுக்குள் புது முகவரியைச் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பதிய வேண்டும். வீட்டு மேலாளர் பதவிக்கு வாடகைத் தள்ளுபடி கொடுப்பார்கள். அது வேலைக்கான ஊதியமாகக் கருதப்படலாம் என்பதால், அதே அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்

சோஷியல் வகையில் மனம் இருந்தால் முதல் பருவத்தில் சேராதீர்கள். ஒரு பருவத்து ஜி.பி.ஏ. கையில் வந்த பிறகு வசந்தப் பருவத்தில் போங்கள். சில பல்கலைக்கழகங்கள் இதையே கட்டாயமாக்கியிருக்கின்றன. நல்ல சாப்டர் வசந்தத்திலும் ஆள் எடுக்கும்.

பெரும்பாலான நம் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான, மலிவான வகைகள் இருக்கின்றன. ஆல்ஃபா ஃபை ஒமேகா 1925இல் லாஃபயட் கல்லூரியில் தொடங்கிய தொண்டுச் சங்கம். ஆண் பெண் இருபாலரும் சேரலாம், வீடு கிடையாது. தலைமை, நட்பு, தொண்டு என்பவை அதன் சொற்கள். தொண்டு நேரம் எண்ணப்படுவதால் விழுமியம் கண்ணுக்குத் தெரிகிறது. வணிகம் படிப்பவர்களுக்கு 1904இல் தொடங்கிய ஆல்ஃபா கப்பா சை, 1907இல் தொடங்கிய டெல்டா சிக்மா பை. இரண்டும் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பிறந்தவை. பொறியியலுக்கு 1904இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய தீட்டா டாவ். தொழில்முறை வகை என்பதால் ஹேஸிங் இருக்காது என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன சோதனைகள் இங்கேயும் பொருந்தும். கௌரவச் சங்கம் என்றால் பொறியியலுக்கு 1885இல் லீஹை பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டாவ் பீட்டா பை. அதில் அழைப்பு மதிப்பெண்ணால் வரும், ஒருமுறை கட்டணத்தோடு முடியும். கேள்விப்படாத 'கௌரவச் சங்கம்' மின்னஞ்சலில் அழைத்துப் பணம் கேட்டால், உங்கள் துறையில் அதற்குச் சாப்டர் உண்டா என்று துறை அலுவலகத்தில் விசாரித்த பிறகு பார்க்கலாம்.

விலக வேண்டுமென்றால்

சடங்குக்கு முன் விலகுவது எளிது, பின் விலகுவது கடினம். சடங்கு முடிந்தால் வாழ்நாள் உறுப்பினர். பிறகு விலகினாலும் வேறு சோஷியல் ஃபிரட்டர்னிட்டியில் சேர முடியாது. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால், அங்குள்ள அதே சங்கத்தின் சாப்டர் உங்களை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஆகவே சடங்குக்கு முந்தைய வாரம்தான் கடைசி வாய்ப்பு. சந்தேகம் இருந்தால் அந்த வாரமே முடிவெடுங்கள்.

சொல்லும் முறை முக்கியம். வீட்டுக்குப் போய் நேரில் சொல்லாதீர்கள், இருபது பேர் சுற்றி உட்கார்ந்து மனதை மாற்றப் பார்ப்பார்கள். சாப்டர் தலைவருக்கும் புது உறுப்பினர் பொறுப்பாளருக்கும் இரண்டு வரி மின்னஞ்சல் போதும்: இந்தத் தேதியிலிருந்து என் புது உறுப்பினர் நிலையிலிருந்து விலகுகிறேன், இதுவரை பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் தெரிவியுங்கள். காரணம் எழுத வேண்டியதில்லை. வளாகத்தின் ஃபிரட்டர்னிட்டி விவகார அலுவலகத்துக்கும் அதன் நகலை அனுப்புங்கள். அந்த நகல் போனால்தான் பெயர் பட்டியலிலிருந்து நீங்கும், அடுத்த பருவச் சந்தாவும் உங்கள் கணக்கில் ஏறாது. ஹேஸிங் காரணமாக விலகினால் குழுச் செய்திகளின் ஸ்கிரீன்ஷாட்களை முதலில் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு குழுவை விட்டு வெளியேறுங்கள். பேர் சொல்லாமல் புகார் செய்ய 1-888-668-4293 என்ற எண் இருக்கிறது. புது உறுப்பினர் சின்னத்தை ஓர் உறையில் போட்டு அலுவலகத்தில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பித் தராத சின்னத்துக்கும் சிலர் பில் போடுவார்கள்.